கச்சான் சரையில் ஒரு பிணைப் பத்திரம்: யாழ்ப்பாணத்துக் காரியாலயம் ஒன்றின் கழிவகற்றல் பற்றிய நிகழ்வு ஆய்வு

போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம். கோயில் வீதியில் ஓர் அம்மா ஒரு சரை கச்சான் வாங்கியிருக்கிறார். கச்சான் முடிந்து தாளைக் கசக்கப் போனபோது அதிலிருந்த பெயர் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர். மறுநாள் காலை சங்கக் காரியாலயம் திறந்தவுடன் வந்து, முகாமையாளரின் மேசையில் அந்தத் தாளை விரித்து, நாலு மூலையையும் கையால் நீவிவிட்டு, "இது உங்கட கந்தோர்ச் சாமான்தானே தம்பி?" என்று கேட்டார். தாளில் கச்சான் வறுத்த மணல் இன்னும் ஒட்டியிருந்தது.

அது 2009 இல் கொடுத்த ஒரு கடனுக்கான பிணைப் பத்திரத்தின் இரண்டாம் பக்கம். பிணை நின்றவரின் முழுப்பெயர், விலாசம், தொழில், மாத வருமானம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. நம் பழைய அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் அல்ல. முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது. பெண் என்றால் அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். கச்சான் தின்ற எவரும் அந்த மனிதரின் பிறந்த நாளைக் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

யாழ் நகரை ஒட்டிய ஒரு சிக்கன கடனுதவு சங்கம் அது. பெயர் இங்கே வேண்டாம். அதன் உள்ளகக் கணக்காய்வை நான் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். "ஐயா, இது எப்பிடி வெளியில போனதெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று முகாமையாளர் கேட்டார். ஒரு தாளைத் தேடிப் போன எனக்கு, அந்தக் காரியாலயத்திலிருந்து குப்பை போன நாலு வழிகளும் தட்டுப்பட்டன.

அறை காலியான விதம்

வைகாசி மாதம் பின்னறையில் கறையான் ஏறியிருக்கிறது. சனிக்கிழமை ஒருநாள் எல்லோரும் சேர்ந்து அறையைக் காலியாக்கினார்கள். பழைய கோவைகள், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், பழைய விலாசம் அச்சிட்ட கடிதத் தலைப்புத் தாள்கள், உடைந்த ஸ்ரேப்லர்கள், பால்மாத் தகரம் நிறையக் காய்ந்த பேனைகள், பிறின்ரரின் வெறும் ரோனர் காட்றிட்ஜ்கள், யூபிஎஸ் ஒன்று, எரிந்துபோன குழல் விளக்குகள், முன்னைய முகாமையாளரின் பதவி பொறித்த இறப்பர் முத்திரைகள். எல்லாம் முற்றத்தில் ஒரே குவியல்.

அந்த ஒரே குவியலில்தான் பிழை தொடங்கியது. அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அதன் பிள்ளைகள்.

தாள் எல்லாம் பழைய பேப்பர், போத்தல், இரும்பு எடுக்கிறவரின் சின்ன லொறியில் ஏறியது. கிலோக் கணக்கில் நிறுத்துக் காசு கொடுத்திருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற நல்ல தாளைத் தனியாகப் பிரித்துக் கச்சான்காரருக்கும் வடைக் கடைக்கும் கொடுப்பார். மிச்சத்தைக் கட்டுக் கட்டி மொத்த வியாபாரிக்கு அனுப்புவார். அவர் செய்ததில் களவு எதுவும் இல்லை. வாங்கிய சாமானை நல்ல விலை வந்த இடத்தில் விற்றார்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டரைக் கிலோ. ஒரு கிலோவில் 200 தாள். லொறிக்காரரின் தராசில் முள் ஒரு கிலோ அசைந்தால், 200 பேரின் விலாசம் மதிலுக்கு வெளியே போகலாம்.

இரண்டாவது வழி நெருப்பு. பிளாஸ்ரிக் கோவை உறைகள், காபன் தாள், பொலித்தீன், பேனைகள் எல்லாவற்றையும் மதிலோரம் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் கரி. அவர்கள் வந்து சண்டை பிடித்ததோடு அது அணைந்தது. ரிங் போட்ட தடித்த கோவைகளின் உறை பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்ரிக். அதை எரித்தால் ஐதரசன் குளோரைட்டு என்ற அமில வாயு வரும். அரைகுறை நெருப்பில் டயொக்சின் என்ற நஞ்சும் வரும். பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் இந்நாட்டில் வர்த்தமானி மூலம் தடை. பிளாஸ்ரிக் எரிக்கக் கூடாது என்று கேள்விப்பட்டவர்கள் காரியாலயத்தில் இருந்தார்கள். கோவை உறையும் பிளாஸ்ரிக்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது கிடங்கு. வாழை வைக்கக் கிண்டிய குழியொன்றில் ரோனர்கள், பற்றரிகள், உடைந்த குழல் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுத் தாட்டிருந்தார்கள். குழியிலிருந்து கிணறு முப்பது அடிதான். நம் குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கையாற்றை விட்டால் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு எல்லாம் நிலத்தடி நீர்தான். அடியில் இருப்பது வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்ட ஊர் இது. அப்படியிருந்தும் 'தாட்டுவிட்டால் சரி' என்ற எண்ணம் நமக்குள் போகவில்லை. நான் நின்று அந்தக் குழியைத் திரும்பத் தோண்டுவித்தேன். எனக்கு அதில் நல்ல பெயர் கிடைக்கவில்லை.

மிச்சமெல்லாம் மாநகரசபைக் குப்பை வண்டியில் ஏறிக் கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குப் போய்விட்டது. அதைத் தேடிப் போவதில் பயனில்லை.

"ஆர் எனக்குச் சொன்னது?"

விசாரணை என்று தொடங்கினால் எல்லோர் விரலும் உதவியாளர் பக்கம் நீளும். இங்கேயும் நீண்டது. லொறியைக் கூப்பிட்டவரும் நெருப்பு வைத்தவரும் அவர்தான். அவரைத் தனியாக இருத்திக் கேட்டேன். "பேப்பர் பேப்பர்தானே ஐயா. எது போகலாம், எது போகக்கூடாதெண்டு ஆர் எனக்குச் சொன்னது?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏனென்றால் அப்படிச் சொல்லும் பொறுப்பு அந்தக் காரியாலயத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை. வாங்கும்போது மூன்று கையெழுத்து வேண்டும். ஒரு பெட்டி பேனைக்கும் களஞ்சியப் புத்தகத்தில் வரி உண்டு. வெளியே போகும்போது ஒரு கையெழுத்தும் இல்லை. அரச அலுவலகமாக இருந்திருந்தால் ஆண்டுதோறும் பொருட் கணக்கெடுப்பு, பாவனைக்கு உதவாதவை என்ற சிபாரிசு, நிதிப் பிரமாணப்படி அனுமதி என்று ஓர் ஒழுங்கு இருந்திருக்கும். ஆவணம் என்றால் 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டம் குறுக்கே நிற்கும். நினைத்தபடி அழிக்க முடியாது. சங்கத்துக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இப்படியான தாள்களைப் பற்றியுந்தான்: மற்றவரின் விபரத்தைத் தேவைக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது, வைத்திருக்கும் வரை கைவிடவும் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு அரைகுறை. நாங்கள் தாளை எறியத் தெரியாத ஊர். 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்தபோது, வீட்டு உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரம், பரீட்சைப் பெறுபேறு என்று மார்போடு அணைத்துக்கொண்டு போனவர்கள்தான் பிறகு பிழைத்தார்கள். விட்டுவிட்டுப் போனவர்கள் ஒவ்வொரு கந்தோராக வருடக்கணக்கில் அலைந்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைமை எழுதுவினைஞர் அப்போது புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை. இரண்டு பேரேடுகளைச் சைக்கிள் கரியரில் கட்டி நாவற்குழிப் பாலத்தால் கொண்டுபோனவர். அதற்குப் பிறகு அந்தக் காரியாலயத்தில் ஒரு துண்டுத் தாளும் வெளியே போகவில்லை. காய்ந்த பேனையும் போகவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எதையும் கழிக்காமல் சேர்த்த இடத்தில், கறையான் வந்த ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் கழித்தார்கள். பழக்கமில்லாத கை வேறு எப்படிச் செய்யும்?

இரண்டாம் தரம் செய்தபோது

எல்லாம் போய்விடவில்லை. முன்னறையில் இன்னும் இரண்டு அலுமாரி இருந்தது. இந்தத் தரம் குவியலே போட வேண்டாம் என்றேன். முதலில் காலம். ஒவ்வொரு கோவையின் முதுகிலும் 'எந்த வருடம் முடிந்தது, எந்த வருடம் கழிக்கலாம்' என்று இரண்டு எண். வரி சம்பந்தப்பட்ட கணக்கென்றால் இறைவரிச் சட்டத்துக்கு 5 வருடம் வைத்தாக வேண்டும். காணி, பிணை சம்பந்தப்பட்டது கடன் முடிந்து, பத்திரம் திருப்பிக் கொடுபட்டு, கையெழுத்து வாங்கிய பிறகுதான். கழிக்கும் நாளில் ஒரு சிறு படிவம்: என்ன, எத்தனை, எங்கே போகிறது, யார் ஒப்பம்.

அதன் பிறகே தாள். பெயரோ இலக்கமோ கையெழுத்தோ உள்ள தாள் முழுசாக வெளியே போகக் கூடாது. வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள், நீளக் கீலமாக வெட்டுவது. நான் குறுக்காகவும் வெட்டுவதை வாங்கச் சொல்லியிருந்தேன். விலையைப் பார்த்து மற்றதை வாங்கினார்கள். கீலங்களைப் பொறுமையாக ஒட்டினால் வாசிக்கலாம் என்பதை ஒருநாள் மத்தியானம் ஒரு பிள்ளையை இருத்திச் செய்து காட்டினேன். மூன்றாம் நாள் இயந்திரம் சூடேறி நின்றது, ஸ்ரேப்பிள் பின்னோடு தள்ளியதால். இதிலொரு வேடிக்கை உண்டு. மறுசுழற்சி ஆலைக்கு ஸ்ரேப்பிள் பின் ஒரு பிரச்சினையே இல்லை. கூழாக்கியபின் சல்லடையும் காந்தமும் பிடித்துக்கொள்ளும். எங்கள் சின்ன இயந்திரத்துக்குத்தான் அது எமன்.

கடைசியில் கைகொடுத்தது பழைய முறை. இயந்திரம் திருத்தப் போயிருந்த இரண்டு கிழமையும், கீலங்களையும் கையால் கிழித்த தாளையும் பெரிய வாளியில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, மறுநாள் உலக்கையால் இடித்தோம். கஞ்சியாகிவிடும். எந்த மந்திரவாதியும் அதை வாசிக்க மாட்டான். பளபளப்பில்லாத சாதாரணத் தாள் என்றால் அந்தக் கூழைக் குப்பை இலையோடு சேர்த்து உரமாக்கலாம். காய்ந்த கீலத்தைக் கோழி வளர்ப்பவர் ஒருவர் கூட்டில் பரப்பக் கேட்டு வாங்கினார். பழைய பேப்பர்காரர் கீலத்தைப் பெரிதாக விரும்புவதில்லை. பறக்கும், நார் குட்டையாகிவிடும். ஒரு தாளின் நார் ஐந்து தொடக்கம் ஏழு தரம் வரை மறுசுழற்சி தாங்கும் என்பார்கள். வெட்ட வெட்ட அந்த ஆயுள் குறையும். ஆகவே இரகசியம் எதுவும் இல்லாத தாளை வெட்ட வேண்டாம். அதை முழுசாகக் கட்டி விற்கலாம். எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவதைக் கவனம் என்று சொல்லமாட்டேன். பிரிக்கப் பஞ்சிப்படுகிறவர் செய்வது அது.

தாள் போலத் தெரிந்தும் தாளில்லாதவை சில உண்டு. கடை பில், வங்கி இயந்திரச் சீட்டு, பழைய பெக்ஸ் சுருள்: நகத்தால் ஒரு கீறு கீறுங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். அதன் பூச்சில் பெரும்பாலும் பிபிஏ என்ற இரசாயனம் அல்லது அதன் உறவுக்காரர் இருக்கும். மற்றத் தாளோடு கலந்தால் மறுசுழற்சிக் கூழுக்கும் போகும், உரத்தில் போட்டால் தோட்டத்துக்கும் போகும். அது சாதாரணக் குப்பைக்கே போகட்டும். காபன் தாள் மெழுகு பூசியது, அதுவும் ஆகாது. ஆனால் எறிவதற்கு முன் அதை ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒருமுறை மட்டும் பாவித்த காபனில் எழுதியது அத்தனையும் தெளிவாக இருக்கும். பற்றுச்சீட்டை வெட்டிவிட்டுக் காபனை முழுசாக எறிந்தால் என்ன பலன்? தட்டச்சு இயந்திரத்தின் ஒருமுறை ரிபனும் அப்படித்தான், எழுத்தெழுத்தாக வாசிக்கலாம்.

இறப்பர் முத்திரையை நான் மறந்தே போயிருந்தேன். தலைமை எழுதுவினைஞர்தான் ஞாபகப்படுத்தினார்: "கடிதத் தலைப்புத் தாளும் போச்சு, முத்திரையும் போச்சு. இரண்டும் ஒராளின்ர கையில அம்பிட்டால், எங்கட பேரில என்ன கடிதமும் எழுதலாம் ஐயா." பாவனை முடிந்த முத்திரையின் இறப்பரைப் பிளேடால் அறுத்துவிட வேண்டும். வெற்றுக் கடிதத் தலைப்புத் தாளை எழுதிய தாளைப் போலவே அழிக்க வேண்டும். 'ஒன்றுமே எழுதாததுதானே' என்று அதைத்தான் முதலில் லொறியில் ஏற்றியிருந்தார்கள்.

தோண்டி எடுத்தவை

கிடங்கிலிருந்து வந்த ஒன்பது ரோனர்களை முற்றத்தில் வைத்தபோது ஒன்று உடைந்து கொட்டியது. உதவியாளர் வெந்நீர் கொண்டுவர ஓடினார். நிற்பாட்டினேன். ரோனர் தூள் மையல்ல. மிக நுண்ணிய பிளாஸ்ரிக்கும் கரியும். சூடு பட்டால் உருகி ஒட்டும். பிறின்ரருக்குள் தாளில் ஒட்டுவதே அப்படித்தான். குளிர்ந்த தண்ணீரும் ஈரத்துணியுந்தான் வழி. விளக்குமாற்றால் கூட்டினால் மூக்குக்குள் போகும். நெருப்பில் போட்டால் தூள் பறந்து எரியும்.

ரோனரை நிரப்பிக் கொடுக்கும் கடைகள் நகரில் உண்டு. நாலு ரோனர் கோதுகளை அப்படியொரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மிச்சம் தேய்ந்த உருளைகள், நிரப்பியும் பயனில்லை. அவற்றைப் பொலித்தீன் பையில் கட்டிப் பெட்டியில் வைத்தோம், மின்னணுக் கழிவோடு போகட்டும் என்று. கிணற்றுக்கு உண்மையான ஆபத்து ரோனரில் இல்லை, பக்கத்தில் கிடந்தவற்றில்தான். கல்குலேற்றரின் பொத்தான் பற்றரிகளில் பழையவற்றில் பாதரசம் உண்டு. குழல் விளக்கிலும் சில மில்லிகிராம். யூபிஎஸ்ஸின் உள்ளே இருந்தது ஈய அமிலப் பற்றரி. 12 வோல்ற் 7 ஆம்பியர் மணிச் சின்னப் பற்றரியே இரண்டு கிலோவுக்கு மேல், பெரும்பாகம் ஈயம். அதை உடைக்காமல் முழுசாகப் பற்றரிக் கடைக்குக் கொடுத்தால் நிறைக்குக் காசு தருவார்கள். இந்தக் கதையில் சிரமமின்றிப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போன ஒரே சாமான் அதுதான். இரும்புக்காரரிடம் கொடுத்தால் ஈயத்துக்காக உடைத்து, அமிலத்தை எங்காவது மண்ணில் ஊற்றுவார்கள்.

மற்றவற்றுக்கு வழி இலேசாகக் கிடைக்கவில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 இல் வந்த ஒழுங்குவிதிகள் இப்படியான கழிவை அட்டவணைப்படுத்தியிருக்கின்றன; அதை எடுக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்கள் ஒரு சின்னச் சங்கத்தின் அரைப் பெட்டிச் சாமானுக்காக வடக்குக்கு லொறி அனுப்ப மாட்டார்கள். அதனால் அக்கம்பக்கத்து மூன்று காரியாலயங்களோடும் ஒரு பாடசாலையோடும் பேசி, எல்லாரும் சேர்த்து வைத்து ஒன்றாகக் கொடுப்பதென்று முடிவு. அந்தப் பெட்டி இதை எழுதும்வரை போகவில்லை. நிழலில், ஈரமில்லாமல், நெற்றியில் 'பற்றரி, விளக்கு, ரோனர். எறியாதே' என்று எழுதியபடி இருக்கிறது. பழைய கொம்பியூட்டர் ஒன்றும் அதில். அதன் ஹாட் டிஸ்க்கைக் கழற்றித் துளையிட்ட பிறகுதான் வைக்க விட்டேன்; 'டிலீற் பண்ணியாச்சு' என்பதை நான் நம்புவதில்லை.

பேனைக்கு நல்ல வழி எதுவும் இல்லை. குழாய் ஒரு பிளாஸ்ரிக், மூடி இன்னொன்று, நுனி பித்தளை. பிரிப்பவருக்குக் கூலி கட்டாது. ரீபில் போடும் பேனை வாங்குங்கள் என்றேன், அவ்வளவுதான். பிளாஸ்ரிக் கோவையில் மறுசுழற்சி முக்கோணத்துக்குள் 5 (பொலிபுறொப்பிலீன்) இருந்தால் எடுப்பார்கள், 3 (பிவிசி) என்றால் மாட்டார்கள். மட்டைக் கோவையை உட்புறம் வெளிப்புறமாக மடித்தால் புதிதாகிவிடும். வெள்ளை திருத்து மையை வடிகாலில் ஊற்றக் கூடாது.

பெட்டிகள் வைத்தோம். நாட்டின் நிற முறைப்படி தாளுக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள். முதல் மாதம் நீலப் பெட்டிக்குள் சோற்றுப் பார்சல் உறைதான் அதிகம். குழம்பு பட்ட தாளை ஒருவரும் எடுக்க மாட்டார்கள், ஒரு பார்சல் ஒரு பெட்டியையே கெடுத்தது. நீலப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலிருந்து பிறின்ரருக்குப் பக்கத்துக்கு மாற்றினோம். போதனை செய்ய முடியாததை அந்த ஆறடி நகர்த்தல் செய்தது.

லொறியில் போன கட்டுகளில் கொஞ்சத்தை வியாபாரியிடமிருந்து திருப்பி வாங்கினோம், விற்றதைவிடக் கூடிய விலைக்கு. மிச்சம் கிடைக்கவில்லை. பெயர் தெரிந்த பிணையாளருக்கு முகாமையாளர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். மற்ற அங்கத்தவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று என் அறிக்கையில் எழுதினேன். நிர்வாக சபை அதை 'கவனத்தில் எடுத்தது'.

கழிக்கும் படிவம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. கடைசித் தரம் நான் போனபோது தலைமை எழுதுவினைஞர் முப்பதுக்கு மேல் வரிகளுக்கு ஒப்பம் வைத்திருந்தார். ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது: 1994 பேரேடு, இரண்டு. சட்டப்படி எப்போதோ கழித்திருக்கலாம். அதிலுள்ள கடன்கள் எல்லாம் முடிந்தவை. பேனையை எடுத்தார், மூடியைத் திறந்தார், பிறகு மூடிவிட்டு, "இதுக்கு மட்டும் நான் வைக்கமாட்டன் ஐயா" என்றார். கட்டைப் பார்த்தேன். கரியரில் கட்டிய கயிறு மட்டையில் பதிந்த தடம் இன்னும் இருந்தது. இரும்பு அலுமாரியின் மேல் தட்டில், கறையான் ஏறாத உயரத்தில் வைக்கச் சொன்னேன்.